இரண்டு வேளை மாத்திரையும் கவீனோவின் சம்பந்தமும்

அன்பு மகள் நிகோலெட்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், இந்தத் தடவை உன் அண்ணன் கவீனோவின் ரத்தப் பரிசோதனையும் அதையே சொல்வதால் நீ நம்பலாம். உன் சௌக்கியத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ரோட்டர்டாமில் மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் போனில் நீ "நல்லாயிருக்கேம்மா" என்று ஒரே பாட்டைத்தான் பாடுகிறாய்.

வசந்தத்தில் கவீனோவின் சிறுநீரகம் தகராறு செய்தது என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் பிறகு நடந்ததை போனில் சொல்ல முடியவில்லை, அவன் பக்கத்திலேயே நிற்கிறான். பிறந்ததிலிருந்து ஊரார் தானம் தரும் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே ஓடுகிற பிள்ளை, அந்த ரத்தத்தோடு வந்து சேரும் இரும்பை வெளியேற்றத்தான் தினமும் மாத்திரை, அந்த மாத்திரையே சிறுநீரகத்தைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் சன்னா அம்மாள் சில வாரம் மருந்தை நிறுத்திவிட்டு, பிறகு அதே அளவைக் காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்துக் கொடுத்தாள். "மொத்தமா ஒரே வேளையில இறக்கினா உன் கிட்னி திணறுது, ரெண்டா பிரிச்சுப் பார்ப்போம், சிலருக்கு ஒத்துக்குது" என்றாள். உன் அப்பா வாழ்நாள் முழுக்கப் படகு எஞ்சின் பழுது பார்த்தவர், ஆகவே சிறுநீரகமும் அவருக்கு அத்துபடி. இரண்டு வேளை என்றால் இரண்டு மடங்கு விஷம் என்று காப்பிக் கடையில் ஒரு வாரம் பிரசங்கம் செய்தார். ஆனால் ஜூன் மாதப் பரிசோதனையில் சிறுநீரகம் பழைய நிலைக்கு வந்திருந்தது. அவர் உடனே, தான் முதலிலேயே சொன்னதாகச் சொன்னார்.

இரும்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் அம்மாள் காகிதத்தைப் பார்த்தாள், உன் அண்ணனைப் பார்த்தாள், அவன் ஜன்னலைப் பார்த்தான். "காலையில ஒரு பாதியை முழுங்குறே, சாயங்காலம் மறு பாதியை விட்டுடுறே, அப்படித்தானே? கிட்னி பிழைச்சுக்கும், இரும்பு ஏறி இதயம் நின்னுடும், பரவாயில்லையா?" என்று கேட்டாள். விஷயம் என்னவென்றால், மாலையில் அவன் கட்டிக்கொள்ளப் போகிற மரினெல்லா வீட்டில்தான் இருக்கிறான். காலை மாத்திரையை நம் வீட்டில் விழுங்குவதால் யாருக்கும் தெரியாது, மாலை மாத்திரை அவள் அப்பா பிரியாமோவின் கண் எதிரே. மரினெல்லாவுக்கு எல்லாம் தெரியும், அவள் ரத்தத்தில் அந்தக் குறை இல்லை, பிள்ளைகளுக்கு நோய் வராது என்று பரிசோதனையும் செய்தாயிற்று, ஆனாலும் அப்பாவிடம் சொல்ல இருவருக்கும் பயம். நம் தீவில் தெருவுக்குத் தெரு இருக்கிற நோயை மறைக்க ஒரு வீட்டைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான் பார்.

அதற்கு அடுத்த ஞாயிறு சம்பந்தம் பேச எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இன்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் அவனிடம் சொன்னேன், தலையாட்டினான். உன் அப்பாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். மாலை நேரம் வந்ததும் கவீனோ சட்டைப் பையைத் தடவிக்கொண்டே கழிவறைக்குப் போனான், அங்கே கதவு முன்னால் யாரோ நின்றிருந்தார்கள், திரும்பி வந்தான், மறுபடி போனான். மூன்றாவது தடவை எழுந்தபோது பிரியாமோ சுட்ட மீனை உரித்துக்கொண்டே, "ஏன் தம்பி, கிட்னியில ஏதாச்சும் கோளாறா?" என்று கேட்டார். பாவம், வேடிக்கையாகத்தான் கேட்டார். உன் அப்பா உடனே, "இருந்துச்சு, இப்ப சரியாயிடுச்சு, மாத்திரையை ரெண்டா பிரிச்சாச்சு" என்றார்.

அதன் பிறகு ஒன்றையும் மூட முடியவில்லை. கவீனோ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், மாலை மாத்திரையை விட்டதையும் சேர்த்து. பிரியாமோ முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து, கல்யாணம் அவ்வளவுதான் என்று நான் கைப்பையைத் தேடினேன். அவர் மீன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என் தம்பிக்கும் இதே நோய்தான்" என்றார். "அப்ப மாத்திரை கிடையாது. இரும்பை இறக்க ராத்திரி பூரா வயித்துல ஊசி. எங்க அம்மா தூங்கினதும் பிடுங்கிப் போட்டுடுவான், ஊசித் தழும்பைப் பொண்ணுங்க பார்த்தா வெக்கமாம். நானும் அவன் பக்கம்தான், அம்மாகிட்ட சொல்லல. இருபத்திரெண்டு வயசுல போயிட்டான்." மரினெல்லாவுக்கே அது தெரியாது, சித்தப்பா கடலில் மூழ்கிப் போனதாகத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்களாம். அப்புறம் உன் அண்ணன் முன்னால் தண்ணீர்க் குவளையை நகர்த்தி, "முதல்ல அதை முழுங்கு, சாப்பாடு காத்திருக்கும்" என்றார். எல்லோரும் பார்க்க விழுங்கினான். நான் மீனைச் சரியாகவே சாப்பிடவில்லை.

இப்போது அவன் அங்கே போகாத நாளிலும் மாலையானால் பிரியாமோ போன் செய்கிறார், "ஆச்சா?" என்று ஒரே வார்த்தை, வைத்துவிடுகிறார். மாமனார் கண்ணில் படாமல் மாத்திரை சாப்பிட நினைத்தவனுக்கு இப்படி ஒரு காவல். மாதாமாதம் சிறுநீர்ப் பரிசோதனை நடக்கிறது, சிறுநீரகம் அப்படியே நிற்கிறது, இரும்பும் இறங்கத் தொடங்கியிருக்கிறது. கல்யாணம் திராட்சை அறுவடை முடிந்ததும்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். இன்னொன்று, அண்ணனுக்கு வந்தது நோய், உனக்கு நோயில்லை, ஆனால் அந்தக் குறையில் பாதி உன் ரத்தத்திலும் இருக்கிறது, அதைச் சின்ன வயதிலேயே உனக்குப் பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். போனில் உன் குரலுக்குப் பின்னால் இருமுகிற அந்தப் பையனிடம் சொல்லிவிட்டாயா? அவனையும் பரிசோதிக்கச் சொல், அவனுக்கும் அந்தக் குறை இருந்தால் பிள்ளைகளுக்கு நோய் வரலாம். அப்பாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா போனாரியா