சத்தம் நிறுத்திய இடம்

ஜூலை 8, செவ்வாய்

மழை. விடியலிலிருந்து விடவில்லை. இந்த நோட்டு என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்து கோணல்மாணல். ஏலக்காட்டில் மண்வெட்டி பிடித்த விரல், பேனாவை அமுக்கித் தாளைக் கிழிக்கிறது. ஆனாலும் எழுபத்தொரு வயதில் எழுதுகிறேன்!

இன்று வாசித்தவை: உர மூட்டை, முழுவதும். கம்பம் பஸ் போர்டு. மாத்திரை அட்டை, பாதி. எல்லாம் சத்தமாகத்தான். வாய்க்குள் வாசிக்க வரவில்லை. எழுதுவதும் சொல்லிச் சொல்லித்தான்.

பாக்கியம், என் வீட்டுக்காரி, மாதர் கூட்டத்தோடு சேர்ந்து ஞாயிறு மாதா கோவில் ஹாலில் படம் போடுகிறாளாம். எனக்கு எழுத்து சொல்லித்தந்த ஜெசி டீச்சர் கொண்டுவருகிறார். முந்திரி ஆலைப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக நடத்தச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்த கதை. மலையாளம், கீழே தமிழ் எழுத்து. சென்சாரில் சில இடங்களை வெட்டச் சொன்னார்களாம். வெட்ட மாட்டோம் என்று ஊர் ஊராகக் காட்டுகிறார்களாம். திமிர்.

ஜூலை 10, வியாழன்

மழை. காலில் அட்டைக் கடி, இரண்டு.

ஹால் கமிட்டிச் செயலாளர் ஆரோக்கியம் மனுவோடு வந்தார். படத்தில் ஒரு கிழவி வீட்டு விஷயம் பேசுகிறாள். அந்த இடத்தில் சத்தத்தை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஹால் கிடையாது. நியாயம்தான்.

"அண்ணே, இனி உங்களுக்கு எதுக்கு ரேகை? மொதக் கையெழுத்து நீங்கதான்."

"கீழே எழுத்து ஓடுமே?"

"ஓடட்டும். பெருசுகளுக்கு எழுத்தே தெரியாது. சிறுசுக மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்சதுக, தமிழ் வாசிக்க வராது. எவ வாசிக்கப் போறா?"

சிரித்தோம். முழுப் பெயரும் எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. பிறந்ததிலிருந்து முதல் கையெழுத்து. என்ன அழகு!

ராத்திரி பாக்கியம் தட்டை வைத்த சத்தம் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும். "இதுக்குத்தான் உங்களைப் படிக்க அனுப்புனேனா?" அதோடு பேச்சு நின்றது. நிற்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

மழை, காற்று. மூன்று மணிக்குப் படம். ஹால் நிறையப் பெண்கள். ஆண்கள் பின்சுவரோடு. நான் ஆரோக்கியம் பக்கத்தில்.

படம் பிடிக்கவில்லை. ஒரே கோஷம். அப்புறம் அந்தக் கிழவி வந்தாள். என் வயதுதான் இருக்கும். சத்தம் நின்றது. வாய் மட்டும் அசைந்தது. கீழே எழுத்து.

எழுத்தைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காதே.

"முப்பது வருஷம் அவர் கையை ஓங்கினார். வாங்கிக்கொண்டேன்."

ஆரோக்கியம் என் தொடையைக் கிள்ளினார். "அண்ணே, வாயை மூடுங்க." முன்னால் எல்லாத் தலையும் திரும்பியது. அடுத்த வரி பாதியிலேயே ஓடிவிட்டது.

யாரோ ஒருத்தி கத்தினாள்: "டீச்சர், படத்தை நிப்பாட்டுங்க! தாத்தா படிச்சு முடிக்கட்டும்."

டீச்சர் நிறுத்தினார். எழுத்து அப்படியே நின்றது. ஆரோக்கியம், "கையெழுத்துப் போட்ட ஆள்தானே நீரு? மரியாதையா சும்மா இரும்வே" என்றார். எனக்கு ரோஷம் வந்தது. நான் வாசிப்பதை நிறுத்த இவர் யார்? எழுந்து நின்றேன்.

"இதைச் சொன்னால் குடும்ப மானம் போகும் என்கிறார்கள். அடி வாங்கியபோது போகாத மானம், சொல்லும்போது எப்படிப் போகும்?"

முடித்த பிறகுதான் அர்த்தம் உறைத்தது. என் வாயால், என் குரலில். பாக்கியம் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் திரும்பவில்லை. மற்றவர்கள் எல்லாம் அவளைப் பார்த்தார்கள்.

ஜூலை 14, திங்கள்

மழை கொஞ்சம் விட்டது. இனி நான் ஹால் படி மிதிக்கக்கூடாதாம். போகட்டும், ஒழுகுகிற ஹால். படமும் மோசம்தான், மாற்றிச் சொல்ல மாட்டேன்.

பாக்கியம் நாலு நாளுக்குப் பிறகு இன்று பேசினாள். அடுப்படியிலிருந்து.

"நோட்டுல என்ன எழுதுறீங்க?"

"நேத்து நடந்தது."

"தெரியும், கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். அந்தக் கிழவி சொன்னதை எழுதிட்டீங்க. உங்களதை எழுதுங்க. எந்த வருஷம்னு எழுதுங்க. எந்தக் கைன்னும் எழுதுங்க."

எழுதுகிற இந்தக் கைதான்.

பேனா நின்றுவிட்டது. மிச்சத்தை அடுத்த ஞாயிறு எழுதுகிறேன், அவள் பூசைக்குப் போன பிறகு.

இதையும் வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன். அடுப்படியிலிருந்து பதில்: "அடுத்த ஞாயிறு நான் பூசைக்குப் போகல. பக்கத்துல உக்காந்து கேக்குறேன்."