அரங்கில் நாங்கள் விரித்த போர்வைகளை அகற்றக் கூடாது

அனுப்புநர்
ஒரெஸ்ட் பாபியாக்,
தானியக் கிடங்கு ஊழியர் (ஓய்வு),
ரயில்வே தெரு,
ஹாஸ்லெட் கிரீக், சஸ்காச்சுவான், கனடா.

பெறுநர்
திரு. கிரெய்க் ஹால்வர்சன் அவர்கள்,
நகர நிர்வாக அதிகாரி,
ஹாஸ்லெட் கிரீக்.

பொருள்: பழைய ஜூனியர் ஐஸ் ஹாக்கி அரங்கில் பனித்தளத்தை ஆட்டங்கள் முடியும்வரை உருகவிடாமல் வைத்திருக்கவும், போர்வைகளைத் தொடாதிருக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அரங்கக் கதவில் தாங்கள் செவ்வாயன்று ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். சென்ற குளிர்காலத்தில்தான் எழுதப் படிக்கக் கற்றேன். யாரையும் படித்துக் காட்டச் சொல்லாமல் நானே படித்த முதல் அரசாங்க அறிவிப்பு அது. படித்ததில் பெரிய சந்தோஷம். விஷயம்தான் பிடிக்கவில்லை. பெஞ்சுகளில் "கைவிடப்பட்ட" போர்வைகள் கிடப்பதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் குப்பைக்குப் போகும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவை கைவிடப்பட்டவை அல்ல.

2. தாங்கள் நகரத்திலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆட்ட நேரத்துக்குச் சரியாக வந்து, நின்றுகொண்டே பார்த்துவிட்டுப் போவீர்கள். எனவே இதைச் சொல்கிறேன். இந்த ஊரில் ஆட்டத்தன்று காலையிலேயே பெஞ்சில் போர்வை விரித்துவிடுவோம். விரித்தால் அந்த இடத்துக்கு ஆள் உண்டு என்று பொருள். அடுத்தவர் போர்வையை யாரும் நகர்த்துவதில்லை. அடிதடி வரைக்கும் பகையாக இருப்பவர்கள்கூட நகர்த்துவதில்லை. என் மனைவி டோரிஸ் போய்ச் சேர்ந்த பிறகும் நான் இரண்டு பேர் அகலத்துக்குத்தான் விரிக்கிறேன். கூட்டம் நெருக்கியடிக்கும் நாளில்கூட அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

3. மார்ச் இருபதாம் தேதி பனித்தளத்தைக் குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்தி அரங்கத்தை நிரந்தரமாக மூடுவது என்று ஜனவரியில் முடிவு செய்தீர்கள். எங்கள் பேட்ஜர்ஸ் அணி வழக்கம்போல முதல் சுற்றிலேயே தோற்றுவிடும் என்ற கணக்கில் அந்தத் தேதியை வைத்தீர்கள். அதில் தங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் போன வியாழக்கிழமை வெளியூரில் பையன்கள் ஜெயித்துவிட்டார்கள். இரண்டாம் சுற்றில் நம் ஊர் ஆட்டம் இருபத்து நான்காம் தேதி. அதைப் பக்கத்து நகரத்தில் ஆடிக்கொள்ளலாம் என்கிறீர்கள். அதற்குப் பெயர் நம் ஊர் ஆட்டமா?

4. சனிக்கிழமை, அரங்கத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும்படி ஊரையே அழைத்தீர்கள். வந்தோம். கேக் நன்றாக இருந்தது. தங்கள் உரையும் நீளமாக இருந்தது. அது முடிந்ததும் திருமதி இர்மா ஃப்ரீசன் எழுந்தார். நம் அணியின் கோல்காவலனான வெளியூர்ப் பையன் அவர் வீட்டில்தான் தங்கிச் சாப்பிடுகிறான். அவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது:

"முகம் பாத்துட்டுப் போக இது என்ன சாவு வீடா? பசங்க ஜெயிச்சுட்டு நிக்கிறாங்க, நீங்க கேக் வெட்டுறீங்களே தம்பி."

சொல்லிவிட்டுத் தம் மடியிலிருந்த போர்வையை உதறிப் பெஞ்சில் விரித்தார். அவ்வளவுதான். பேசி வைத்துச் செய்யவில்லை என்று உறுதியாகச் சொல்கிறேன். குளிருக்குப் போர்த்தியிருந்ததை அவரவர் இடத்தில் விரித்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம். கொண்டு வராதவர்கள் காரிலிருந்து எடுத்து வந்தார்கள். சிலர் கோட்டையே விரித்துவிட்டு நடுங்கிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். எந்த ஆட்டத்துக்கும் அரங்கம் அப்படி நிறைந்து நான் பார்த்ததில்லை.

5. திங்களன்று பெஞ்சுகளைக் கழற்ற மேஸ்திரி லாய்ட் டெசார்லேயை அனுப்பினீர்கள். அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் தங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பெஞ்சுகள் காலியாக இல்லை, எல்லாவற்றிலும் ஆள் இருக்கிறது என்றார். எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள்.

"வீட்ல இருக்காங்க சார். ஆட்டத்துக்கு வருவாங்க."

இதற்காக அவரைக் கண்டித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் வேலை செய்ய மறுக்கவில்லை. திருகுச்சாவியும் கையுமாகத்தான் போனார். ஆனால் அவர் இந்த ஊரில் பிறந்தவர். அவர் அம்மாவின் போர்வையும் அங்கே இருக்கிறது.

6. அரங்கம் பழையது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கூரை இந்த வசந்தகாலம் முழுவதும் தாங்கும் என்று தாங்கள் அழைத்து வந்த பொறியாளரே கூட்டத்தில் சொன்னார். இயந்திரத்தை இரவு பகலாகக் கவனித்துக்கொள்ள எங்களில் ஓய்வு பெற்றவர்கள் முறை போட்டுக்கொண்டாயிற்று.

7. ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்: பையன்கள் தோற்கும்வரை பனித்தளம் இருக்க வேண்டும். தோற்றால் மறுநாள் காலை அவரவர் போர்வையை அவரவரே மடித்து எடுத்துக்கொள்வோம். பெஞ்சு கழற்றவும் கை கொடுப்போம். ஜெயித்தால் அடுத்த ஆட்டம்வரை பொறுத்திருங்கள். இதற்குக் குறைவாக எதையும் ஒப்புக்கொள்வதாக இல்லை. வெள்ளிக்கிழமை போர்வைகளை அள்ள வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்தாலும் வரட்டும். அன்று விடியும்போதே ஒவ்வொரு போர்வை மேலும் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். எனக்கு வேறு வேலையும் இல்லை. படிக்க ஒரு புத்தகம் எடுத்து வருவேன். நான் மெதுவாகத்தான் படிப்பேன். எத்தனை நாளானாலும் அது போதும்.

இயந்திரத்தை நிறுத்தும் உத்தரவைத் திரும்பப் பெற்று, அதை அதே கதவில், நான் படிக்கும்படி பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டுகிறேன். இருபத்து நான்காம் தேதி தாங்களும் ஒரு போர்வையுடன் வாருங்கள். எனக்கு முன்வரிசையில் ஓரமாக ஓர் இடம் காலியாக இருக்கிறது. விரித்துவிட்டுத் தைரியமாகக் காபி வாங்கப் போகலாம். ஒருவரும் தொட மாட்டார்கள்.

இடம்: ஹாஸ்லெட் கிரீக்
நாள்: மார்ச் 18, 2026

இப்படிக்கு, தன் இடத்தை விடாத,
ஒரெஸ்ட் பாபியாக்
(என் கையாலேயே எழுதியது)