அண்ணனுக்கு ஒரு தட்டு

ரெட்டியார்சத்திரம்

அன்பு மகன் ஆனந்த்ராஜுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடுகிறோம், மூன்று பேர் என்பதில் உன் தங்கை ரீனாவும் சேர்த்தி, அதைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கக்கூட வழியில்லை, கோபத்தில் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், கடிதத்தையாவது கிழிக்காமல் படி.

தவக்காலத்துச் சிலுவைப் பாதை வழிபாட்டில் எல்லோரும் கை விரித்துச் செபித்துவிட்டு எழுந்த பிறகும், ரீனா மட்டும் விரித்த கையை மடக்காமல் முழங்காலிலேயே இருந்தாள். அருள் இறங்கியிருக்கிறது என்று ஆரோக்கியம்மாள் சித்தி அவள் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள், தெருவே பிள்ளைகளைக் கூட்டிவந்து அவள் கைக்கு அடியில் நிறுத்தியது, எனக்கும் கொஞ்சம் பெருமைதான் போ. வீட்டுக்குத் தூக்கி வந்தும் பேச்சில்லை, தண்ணீர் ஊற்றினால் கடைவாயில் வழிந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கே டாக்டரம்மா அவள் கையைத் தூக்கிவிட்டார், தூக்கிய இடத்திலேயே கை நின்றது. இது அருளும் இல்லை பேயும் இல்லை, ஆள் அப்படியே உறைந்துபோகிற கேட்டடோனியா என்கிற நோய் என்றார். ஊசிக்கும் அசையவில்லை, உடம்பு வற்றிக்கொண்டே போனது, இனித் தலையில் கரண்ட் வைக்கிற வைத்தியம்தான் என்றார்கள். சினிமாவில் காட்டுவது போல் கட்டிப்போட்டுத் துடிக்க வைப்பார்கள், என் தங்கச்சியை விட மாட்டேன் என்று நீ போனில் கத்தினாய். உன் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் அழுதார். ஆனால் அப்பு, மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துத்தான் செய்தார்கள், செத்த நேரம்தான், கால்விரல் லேசாக ஆடியதோடு சரி என்று நர்ஸ் சொன்னார். சில தடவை வைத்த பிறகு ஒரு மத்தியானம் என்னைத் திரும்பிப் பார்த்து, இன்னைக்கு என்னம்மா வெஞ்சனம் என்று கேட்டாள். கத்தரிக்காய்டி தங்கம் என்று கட்டிக்கொண்டேன். வெறும் கத்தரிக்காதானா என்று முகத்தைச் சுளித்தாள், அந்தச் சுளிப்பைப் பார்க்க நீ இல்லாமல் போனாயே.

இப்போது ஒரு சங்கடம். சமீபத்தில் நடந்தது சிலது அவளுக்கு மங்கலாக இருக்கிறது, இந்த வைத்தியத்தில் அப்படி வருவதுண்டு, பெரும்பாலும் போகப்போகத் தெளியும் என்றார் டாக்டரம்மா. நீ வெளிநாடு போனதே அவளுக்கு நினைவில்லை. நீ இன்னும் பழைய மார்க்கெட் வேலையில்தான் இருக்கிறாய் என்று நினைத்து, பொழுது சாய்ந்தால் உனக்குத் தட்டு எடுத்து வைக்கிறாள், அண்ணன் இன்னும் மார்க்கெட்டுல இருந்து வரலையாம்மா என்கிறாள். நீ மஸ்கட் போனதைச் சொன்னேன், நீ பஸ் ஏறிய அன்று அழுதது போலவே அழுதாள், மறுநாள் திரும்பவும் தட்டு. எனக்குத்தான் நீ இரண்டு தடவை ஊரை விட்டுப் போனது போல இருக்கிறது. அதனால் நேற்று ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுக்கவும் மனசு வரவில்லை, அவளோடு சேர்ந்து நானும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள், அந்தோணியார் உன்னைக் காப்பார். மறக்காமல் ஞாயிறு பூசை முடிந்ததும் போன் செய். எங்கே இருக்கிறாய் என்பதை நீயே உன் வாயால் அவளிடம் சொல், அழுதால் அழட்டும். எப்போது வருவாய் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. அவள் மறந்தாலும் நான் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

உன் தட்டைக் கழுவி வைத்திருக்கும் அம்மா,
செபஸ்தியம்மாள்