அக்கா நேர்ந்துகொண்ட கடைசிப் பயம்

என் ஆசை அக்கா கன்னியம்மாவுக்கு,

முதலில் பிள்ளைகள் சமாச்சாரம். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உனக்குக் காதில் ஏறாது. உன் பேத்தி பவித்ரா நர்சிங் படிப்பை முதல் வகுப்பில் முடித்து, பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குப் போகிறாள். அவள் ஊசி போட்டால் வலியே தெரியவில்லை என்று நோயாளிகள் அவளையே கேட்கிறார்களாம். என் பேரன் சதீஷை அவன் கம்பெனிக்காரர்கள் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் போய், நம் ஊர் மல்லாட்டை, வறுத்த வேர்க்கடலை, கிடைக்குமா என்று தேடியிருக்கிறான். சின்னவள் தர்ஷினி கபடியில் விழுப்புரம் மாவட்ட அணியில் சேர்ந்துவிட்டாள். அவள் வாங்கிய கப்பை டிவி பக்கத்தில் வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் கேட்காவிட்டால் நானே எடுத்துக் காட்டுகிறேன்.

இன்னொன்று. போன வாரம் பவித்ராவுக்குக் கல்யாணம் முடிந்தது. உனக்கு வருஷத் திதி கொடுத்த பிறகுதான் வைப்பது என்று உன் மகன் குமார் பிடிவாதமாக நின்றான். மாப்பிள்ளை வீட்டாரும் காத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள்.

நான் அஞ்சாவது வரை படித்தவள், எழுத்துப் பிழை இருக்கும். நீ மூணாவதோடு நின்றவள், அதனால் கண்டுபிடிக்க மாட்டாய். பவித்ரா இதைப் பத்து பேர் படிக்கட்டும் என்கிறாள். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லிக்கொண்டு போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு கிளியனூரில் ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். முதலில் உன் வீட்டுக்காரர் போனார். சில வருஷம் கழித்து என்னுடையவரும் போனார். அதற்குப் பிறகுதான் என்னையும் இழுத்துக்கொண்டு பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவக்கரை அம்மன் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாய். திண்டிவனத்தில் பஸ் மாறும்போதெல்லாம் நான் கேட்பேன், அம்மனிடம் என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று. ஒருநாள்தான் சொன்னாய்.

"எல்லாரும் கோழி நேர்ந்துக்கறாங்க, பொடவ நேர்ந்துக்கறாங்க. எங்கிட்ட இன்னாடி கீது? பயம்தான் கீது. மாசத்துக்கு ஒரு பயத்த நேர்ந்துக்கினு வர்றேன். அடுத்த பௌர்ணமிக்குள்ள அத செஞ்சு முடிச்சுட்டுப் போயி, இந்தா வச்சிக்கோன்னு குடுத்துட்டு வந்துடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நீ செய்துகொண்டுதான் இருந்தாய். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைத் திறப்பதற்குள், "இது இன்னா மாத்திர, எதுக்குத் தர்றீங்க?" என்று கேட்டாய். அவர் கோபப்படவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். பஸ்ஸில் பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருந்த மீசைக்காரரை எழுப்பினாய். தாசில்தார் ஆபீசில், கால் வலிக்கிறது என்று சொல்லி நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தாய். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடவில்லை, நினைவிருக்கிறதா?

உன்னைப் பார்த்து நானும் ஒன்றை நேர்ந்துகொண்டேன். பல்லிக்குப் பயப்படுவதை விட்டுவிடுவதாக. பஸ்ஸில் நீ போட்ட போடு இன்னும் காதில் இருக்கிறது.

"போன வாரம்தான தொடப்பத்தால ரெண்டு பல்லிய அடிச்ச? சீக்குக் கோழிய நேர்ந்து உடற ஆளுடி நீ. அம்மனுக்குத் தெரியாதா?"

முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு நான் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. உன் கூட வந்ததோடு சரி.

செய்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது உன் சட்டம். முடித்த பிறகு அடுத்த பௌர்ணமி பஸ்ஸில்தான் எனக்குச் சொல்வாய். பவித்ராவுக்கு நிச்சயம் ஆன பிறகு வந்த பௌர்ணமியில், சன்னதியில் நீ வழக்கத்தைவிட வெகுநேரம் நின்றாய். திரும்பும்போது மரமே கல்லாகிக் கிடக்கிற கல்மரத்துப் பக்கம் வந்ததும், "மரம் எப்புடிடி கல்லாச்சு? பயந்துக்கினு அசையாம நின்னுடுச்சா?" என்றாய். பிறகு, "இந்த வாட்டி பெருசு, வசந்தா" என்றாய். அவ்வளவுதான். அடுத்த பௌர்ணமிக்கு முன்பே, கொல்லையில் கீரை கிள்ளிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய்.

என்ன நேர்ந்துகொண்டாய் என்று தெரியாமலே ஒரு வருஷம் ஓடியது. கல்யாண வேலைக்கு நம் நாத்தனார், திருவெண்ணெய்நல்லூர் அண்ணி, முன்கூட்டியே வந்து இறங்கினாள். பேச்சுவாக்கில் நான் இதைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"செத்தவ நேர்த்திக்கடன் நிக்குதுன்ற, இவ்ளோ லேசா சொல்ற? வூட்டுல இருக்கறவங்கதான் அதத் தீக்கணும். தீக்காம மேளம் கொட்டலாமா? இன்னான்னு கேட்டு ஜல்தி முடிங்க."

கேட்பது யாரை? உன் மகனிடம் போனேன். "அம்மாவுக்குப் பயமா? எங்கம்மாவுக்கா? இன்னா சித்தி சொல்றீங்க? அதுக்கு பயந்துக்கினு நாங்கதான் இருந்தோம்" என்றான். உன் மருமகள் யோசித்துவிட்டு, எடை பார்க்கிற மெஷினில் ஏற அத்தைக்குப் பயம் என்றாள். பக்கத்து வீட்டில் கேட்டால் இடி என்றார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அக்கா. இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் புழங்கியிருக்கிறோம். நீ எதற்குப் பயந்தாய் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

நலங்குக்குப் பூ சொல்லத் திண்டிவனம் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கிற ஜெயந்தி, என்னை ஆயா என்றும் உன்னைப் பெரியாயா என்றும் கூப்பிடுகிறவள், கணக்கெல்லாம் கேட்டுவிட்டுக் கட்டக் கடைசியில் சொன்னாள்.

"ஆயா, பெரியாயா போன வருஷமே வந்து நலங்குக்குப் பூ சொல்லிட்டுப் போச்சு. அத்தோட தனியா ஒரு முழம், நல்லா நெருக்கமா கட்டச் சொல்லிச்சு. அதையும் சேத்துக் கட்டட்டா?"

"தனியா யாருக்காம்?"

"அதுக்குத்தான். 'எந்தலைக்குத்தான் ஜெயந்தி, சிரிக்காத'ன்னுச்சு. நானு சிரிக்கல ஆயா."

கடைக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். பஸ் வந்ததும் போனதும் தெரியவில்லை.

நம் வீட்டு விசேஷங்களில் நாம் எங்கே இருப்போம் என்பது உனக்குத் தெரியும். நலங்கு வைக்கக் கூப்பிடும்போது அடுப்படியில் ஏதாவது ஒரு வேலை நமக்கு வந்துவிடும். போட்டோ எடுக்கும்போது பாயசத்தைக் கிளற வேண்டியிருக்கும். யாரும் போகச் சொன்னதில்லை. நாமே போய்விடுவோம். அதனால்தான் உன் போட்டோ என்று ஒன்றுகூட இல்லாமல், ஆதார் கார்டு படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு வைத்திருக்கிறோம். கண் இமைக்காதே என்று சொல்லி எடுத்த படம். மீசைக்காரரை எழுப்பியவள், அதில் திருடனைப் பார்த்தவள் மாதிரி முழிக்கிறாய்.

தாசில்தார் ஆபீசில் நாற்காலி கேட்டவளுக்கு ஒரு முழப் பூவா பெரிசு? வழியெல்லாம் இதையே யோசித்தேன். தாசில்தார் திட்டினால் திட்டு உன்னோடு போகும். இது அப்படியில்லை. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தால்கூட, நம்மால்தானோ என்று நம் மனசே கேட்கும். ஊர் வாய்க்குத்தான் பயந்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கிளியனூரில் இறங்கும்போது சந்தேகம் வந்துவிட்டது. அவர்கள் சொல்வதில் பாதியை நாமும் நம்பிக்கொண்டுதானே இருந்தோம்? நீயும் நம்பினாயா அக்கா? அதனால்தான் பெருசு என்றாயா?

தீர்க்க வேண்டியவள் நான். வீட்டில் தாலி இழந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். ஆனால் பலன் என்று ஏதாவது வந்தால் அது பவித்ரா தலையில் அல்லவா விடியும்? அதனால் அவளிடமே கேட்டேன், உனக்குப் பயமாக இருக்கிறதா என்று.

"இருக்குது சின்னாயா. மாமியா வூட்ட நெனச்சா பயமாத்தான் இருக்குது. பூவ நெனச்சு இல்ல" என்றாள். பிறகு, "பெரியாயா எனக்கு நலங்கு வெக்கணும்னு நெனச்சுதா?" என்று கேட்டாள்.

அண்ணியிடம் சொன்னேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது.

"இன்னாடி பேஜாரு இது? கல்யாணப் பொண்ணு எதுருல பூ வச்சிக்கினு நிப்பியா?"

"நேர்த்திக்கடன தீக்கணும்னு நீங்கதான அண்ணி சொன்னீங்க?"

"நான் பொடவ சாத்தறதுன்னு நெனச்சேன்."

"அக்கா பயத்த நேர்ந்துக்கினு இருக்குது. நான் பொடவயக் குடுத்தா அம்மன் வாங்குமா?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நலங்கு அன்று காலையில், வாழையிலையில் சுற்றிய பூவோடு அடுப்படி வாசலில் நின்றேன். பாயசம் தானாக வெந்துகொண்டிருந்தது. கிளற ஒன்றும் இல்லை. கூடத்தில் மணையில் உட்கார்ந்திருந்த பவித்ரா, "சின்னாயா, அங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க? வாங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி கூப்பிட்டாள். போனேன். உன் மருமகள்தான் என் தலையில் பூவை வைத்தாள். பவித்ரா கன்னத்தில் சந்தனம் பூசினேன், பொட்டு வைத்தேன். பொட்டு கொஞ்சம் கோணலாகிவிட்டது. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

இவ்வளவுதான் இல்லை. சாயங்காலம் மண்டபத்துக்குப் பொண்ணை அழைத்துக்கொண்டு வேனில் கிளம்பினோம். திண்டிவனம் போய்ச் சேரவில்லை, நடு ரோட்டில் படார் என்று ஒரு சத்தம். வேன் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. டயர் வெடித்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேனில் இருந்த அத்தனை கண்ணும் என் தலைக்கு வந்தன.

"பாத்தியாடி?" என்றாள் அண்ணி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

என் நெஞ்சு அடித்த அடி உனக்குக் கேட்டிருக்கும். காலையில் பூ வைத்துக்கொண்டபோது இப்படி அடிக்கவில்லை. இறங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றோம். என் கை தானாகத் தலைக்குப் போனது. பிய்த்து வயலில் எறிந்துவிட்டால் தேவலை என்று இருந்தது. பூவைத் தொட்டுவிட்டேன். அப்போதுதான் புரிந்தது, நீ நேர்ந்துகொண்டது இந்த நிமிஷத்தை என்று. வைத்துக்கொள்வது ஒன்றுமில்லை. டயர் வெடித்த பிறகும் அது தலையில் இருக்க வேண்டும்.

சரிந்திருந்த முழத்தை மேலே ஏற்றிச் செருகிக்கொண்டு கையை இறக்கினேன்.

டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு, "டயர் மொழுக்குன்னு கீது. மாத்தணும்னு மொதலாளிகிட்ட ரெண்டு மாசமா சொல்லிக்கினுதான் கீறேன்" என்றார். பவித்ராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி கொஞ்ச நேரம் டயரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கிட்டே வந்தாள். "ஹேர்பின்னு குத்திக்கமாட்டியா? மறுபடியும் சரியுது பாரு" என்று சொல்லி, தன் கொண்டையில் இருந்து ஒன்றை உருவி என் தலையில் குத்தினாள். வேண்டுமென்றே அழுத்திக் குத்தினாளோ என்னவோ, வலித்தது. மனம் மாறிவிட்டாளா? தெரியவில்லை. மண்டபத்தில் என் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்குச் சாப்பாடு வந்ததா என்று மட்டும் ஆள் அனுப்பிக் கேட்டாள்.

காலையில் காபி குடித்த போட்டோக்காரர் அந்தப் புளியமரத்தடியில்தான் எங்களைப் படம் பிடித்தார். நடுவில் பவித்ரா, ஒரு பக்கம் நான், மறு பக்கம் அண்ணி. பின்னால் ஜாக்கி வைத்துத் தூக்கிய வேன். நான் இருக்கிற முதல் கல்யாணப் போட்டோ இது. அண்ணி கேமராவைப் பார்க்காமல் என் பூவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன நினைத்திருப்பாள்? அவளுக்கும் நேர்ந்துவிட ஏதாவது இருக்குமோ?

எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது அக்கா. கொடுத்த பயத்தையெல்லாம் அம்மன் என்ன செய்கிறாள்? திரும்பி வராதபடி வைத்திருக்கிறாளா, கேட்டால் கொடுத்துவிடுவாளா? எனக்கு அடுத்த நாள் காலையிலேயே பாதி திரும்பி வந்துவிட்டது. குழாயடிக்குப் போகும்போது முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். பாதி வழியில் விட்டுவிட்டேன். உனக்கும் இப்படித்தான் திரும்பத் திரும்ப வந்ததா? நீ இப்போது இருக்கிற இடத்தில் பயப்பட ஏதாவது இருக்கிறதா?

வரும் பௌர்ணமிக்குத் திருவக்கரை போகிறேன். உன் கணக்கை முடித்துவிட்டு, என் பேரில் ஒன்றை நேர்ந்துகொள்ளப் போகிறேன். என்னவென்று சொல்ல மாட்டேன், உன் சட்டம் உனக்கே தெரியும். பல்லி இல்லை என்று மட்டும் சத்தியம் செய்கிறேன். சீக்குக் கோழியும் இல்லை. அம்மன் யோசிக்கிற அளவுக்கு இருக்கும்.

நீ எனக்கு ஒன்று செய். சுவரில் முழிக்கிற அந்த ஆதார் படத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அங்கே போட்டோ எடுக்கிறவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? ஜெயந்தி கட்டியதுபோல நெருக்கமாக ஒரு முழம் வைத்துக்கொண்டு, அடுப்படிப் பக்கம் ஓடாமல் நின்று, புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு. கிளியனூர் என்று எழுதினால் போதும், வந்து சேரும்.

உன் கூடவே வாழ வந்த ஓரகத்தி,
கூடப் பிறக்காத தங்கச்சி,
வசந்தா