ஒவ்வொரு தடவையும் கேட்கச் சொன்னது நான்தான்

என் பிரியமான மாப்பிள்ளை ஞானராஜ்,

நீ சொன்னபடியே மாற்றிவிட்டேன். நம் ராஜபாளையம் மில்லில் இப்போது அறுபது கம்ப்யூட்டர். எல்லாருடைய ஃபைலும் இன்னும் அந்த ஒரே சர்வரில்தான். ஆனால் நாலு நாளாக அது திணறவே இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. ஆனாலும் சர்வர் இருக்கும் இந்தக் கண்ணாடி அறையை விட்டு என்னால் எழுந்து போக முடியவில்லை.

நூற்புப் பிரிவில் பழைய ஃபைலைப் பார்த்து, அறுபதாம் நம்பர் நூலுக்குப் பதில் நாற்பதை ஓட்டிவிட்டார்களே, அந்தப் பயத்தில் நான்தானே சட்டம் போட்டேன்? அவரவர் கம்ப்யூட்டரில் நகல் இருந்தாலும், திறக்கும் ஒவ்வொரு தடவையும் ‘மாறியிருக்கிறதா?’ என்று சர்வரைக் கேட்டே ஆகவேண்டும் என்று.

நீ அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாய். “மச்சான், பத்து பேரு கேட்டா பதில் சொல்லும். அம்புட்டு பேரும் கேட்டா அது எப்ப வேலை பாக்கும்? யாருகிட்ட நகல் இருக்குன்னு அது குறிச்சு வச்சுக்கிடட்டும். மாறுனா அதுவே சொல்லட்டும். சொல்லாத வரைக்கும் அவிய பாட்டுக்கு வேலையைப் பாக்கட்டும்.”

“சொல்ல விட்டுப்போச்சுன்னா திட்டு வாங்குறது நீயா நானா?” என்று உன் வாயை அடைத்தேன்.

நீ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று தங்கச்சி ராணி மூன்று தடவை போன் செய்தாள். “அண்ணே, உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காக. செத்த நேரம் வந்துட்டுப் போங்க.” மூன்று தடவையும் “இந்தா வாரேன்” என்றேன். இங்கே எல்லாரும் கேட்டுக் கேட்டு சர்வர் நின்று நின்று போனது. பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான், ஏறவில்லை. நான் வந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

‘பாவம், அண்ணனை மில்லில் விடவில்லை’ என்று என் தங்கச்சி இன்றுவரை எல்லாரிடமும் சொல்கிறாள். அது பொய், மாப்பிள்ளை. முதலாளியே கதவைத் திறந்து, “மொதல்ல கெளம்புய்யா, மெஷினை நாளைக்குப் பாத்துக்கிடலாம்” என்றார். நான்தான் உட்கார்ந்திருந்தேன். நான் இல்லாமல் ஓடாது என்ற திமிர். ஓடாதபடி வைத்ததும் நான்தானே? நானாகத்தான் வரவில்லை என்று கடைசி நேரத்தில் உனக்குத் தெரிந்திருக்குமா? என்னிடம் என்ன சொல்ல இருந்தாய்?

வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. ராணி முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வேலை இருப்பதுபோல இங்கேயே கிடக்கிறேன்.

அவளாகக் கேட்கமாட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்கு வருகிறேன். முதலாளி போகச் சொன்னதை அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடாவிட்டாலும் சரி.

இப்போதைக்கு இன்னும் உன் மச்சானாக இருக்கும்,
பால்ராஜ்