டாக்டருக்குப் போட்ட மார்க்

12.6.2017
பள்ளிக்கு லீவு போட்டுத் தஞ்சாவூர் போய்வந்தேன். ஆறு வருஷமாக உடம்பெல்லாம் தடித்து அரிக்கும் காணாக்கடி மாத்திரைக்கு அடங்காததால், டாக்டர் ராமச்சந்திரன் புது ஊசி போட்டிருக்கிறார். மாதம் ஒன்று, ஆறு மாதம். நம் பக்கத்து ஆட்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று ஆராய்ச்சியாம். தினமும் அவர் கொடுத்த தாளில் அரிப்புக்கு மார்க் எழுத வேண்டும். இல்லையென்றால் பூஜ்ஜியம், தாங்க முடியாவிட்டால் மூன்று.

20.6
மூன்று. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொறிந்தேன்.

10.7
தஞ்சாவூர் போகும் பஸ்ஸிலேயே தாளில் இருந்த மூன்றையெல்லாம் அழித்து ஒன்று போட்டேன். செய்முறைத் தேர்வில் எல்லாப் பிள்ளைக்கும் முழு மார்க் போடுகிறவள்தானே நான். "குறைஞ்சிருக்கா டீச்சர்?" என்று அவ்வளவு ஆசையாகக் கேட்கிற மனுஷரை ஃபெயில் ஆக்குவதா? அடுத்த ஊசியில் சரியாகிவிடும்.

என்னோடு ஊசி போட்டுக்கொள்ளும் கீழ்வேளூர் ஹமீதா பானு தாள் முழுக்க மூன்று எழுதி நீட்டினாள். நன்றி கெட்ட பெண் என்று நினைத்தேன்.

19.8
ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. தாளில் பூஜ்ஜியம்.
குவைத்திலிருந்து வீட்டுக்காரர் ஃபோன். "ஊசி கேக்குதா அருள்?" கேக்குதுங்க என்றேன்.

7.10
குறையவில்லை என்று ஹமீதாவுக்கு இரண்டு மாதமாக இரட்டை அளவு போடுகிறார்களாம். கையை நீட்டிக் காட்டினாள். ஒரு தடிப்புகூட இல்லை. "இப்பல்லாம் நல்லா தூங்குறேன் டீச்சர்."
எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் எனக்கென்ன கோபம்?

27.11
"நீங்கதான் டீச்சர் ஃபர்ஸ்ட். மூணு மாசமா பூஜ்ஜியம். உங்களுக்கு இனிமே ஊசி வேண்டாம்." குறையாதவர்களுக்கு மட்டும் இன்னும் ஆறு மாதம் தொடருமாம்.
மேசைக்கடியில் முழங்கையைச் சொறிந்துகொண்டே, சந்தோஷம் டாக்டர் என்றேன். அடிப்பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

4.12
போய்ச் சொல்லிவிட்டேன். இந்த நோட்டையே கையில் கொடுத்தேன். டாக்டர் திட்டவில்லை. வெகுநேரம் படித்தார்.
"முதல் மாசமே சொல்லியிருந்தா அளவைக் கூட்டியிருப்பேனே டீச்சர்."
பட்டியலில் என் பெயரை அடித்தார். பொய்க் கணக்கு சேர்ந்த ஆளை ஆராய்ச்சியில் வைத்துக்கொள்ள முடியாதாம். ஆராய்ச்சிக்கு வெளியே கொடுக்க அவரிடம் மருந்தும் இல்லை. பழைய மாத்திரையையே எழுதிக்கொடுத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

10.12
மூன்று.
குவைத்திலிருந்து ஃபோன். இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நீங்க எப்படி இருக்கீங்க என்றேன். "நல்லா இருக்கேன் அருள்." பதினோரு வருஷமாக இதே பதில்.
நிஜமாவா என்று இன்றைக்குத்தான் கேட்டேன்.