துவையலாகிப்போன பிரண்டை

12.2.1957, செவ்வாய்

கால் வலி ஒரு பக்கம் இருக்கட்டும். இன்று நடந்ததுதான் தூங்க விடவில்லை.

தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் மலையில் வழுக்கி விழுந்து ஒடிந்த என் காலுக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய சிங்கள நாட்டு வைத்தியர், எங்கள் வெதமாத்தியா, காலையில் ராகலை பஸ்ஸில் ஒரு கட்டுப் பிரண்டை கொடுத்தனுப்பியிருந்தார். இந்தக் குளிரில் அது முளைக்காது. கீழ்நாட்டிலிருந்துதான் வர வேண்டும். என் வீட்டுக்காரி மீனாட்சிக்கு ஒரே சந்தோஷம்.

"எலும்பு கூடுறதுக்கு இத விட என்னங்க வேணும்?" என்று நார் உரித்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளி வைத்துத் துவையல் அரைத்துவிட்டாள். நானும் சோற்றில் பிசைந்து ஒரு பொட்டு விடாமல் தின்றேன்.

சாயங்காலம் வெதமாத்தியாவே வந்துவிட்டார். "பிரண்டை எங்க தங்கச்சி? அரைச்சுக் காலுக்குப் பத்துப் போடணும்."

மீனாட்சி அம்மியைப் பார்த்தாள்.

"தின்னதும் நல்லதுதான். ஆனா வீக்கத்துக்கு மேல கட்டணுமே" என்றார். மறுபடி பிரண்டை வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை கால் துளியும் அசையக் கூடாதாம். கோணலாகக் கூடிவிட்டால்... அடுத்த மாதம் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் நான் நிற்காவிட்டால்...

அவர் முன்னாலேயே அவளைத் திட்டிவிட்டேன். "ஒனக்கு எதப் பாத்தாலும் அடுப்பு ஞாபகந்தான்!"

இப்போது என் கால் திரும்பிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி, உட்கார்ந்தே தூங்குகிறாள். கட்டுக்குள் அரிக்கிறது. அசைந்தால் விழித்துக்கொள்வாள்.

துவையல் நன்றாகத்தான் இருந்தது என்று இன்னும் சொல்லவில்லை.